திங்கள்கிழமை இடம்

இல்லை சார், இன்றைக்கு ஆட முடியாது. திங்கள்கிழமை. கிளப் மூடல். கேட்டில் எழுதிப் போட்டிருக்கிறது, மழையில் எழுத்து அழிந்துவிட்டது. பெயின்ட் அடிக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். அடிக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து இத்தனை வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள், ஐந்து நிமிஷம் உட்காருங்கள். காரில் இருப்பது உங்கள் மகனா? தூங்கட்டும். மலை ஏறினால் சிலருக்கு அப்படித்தான்.

அங்கே ஆடுகிறார்களே என்றுதானே பார்க்கிறீர்கள்? அவர்கள் மெம்பர்கள் இல்லை. பை தூக்குகிறவர்கள். கோல்ஃபில் கேடி என்பார்கள். வெளியில் அப்படிச் சொன்னால் போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள், அதனால் பஸ்ஸில் யாராவது கேட்டால் கிளப்பில் வேலை என்று மட்டும் சொல்வேன். வாரத்தில் ஆறு நாள் மெம்பர்களுக்குப் பை தூக்கி, பந்து தேடிக் கொடுத்து, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லிக்கொண்டு கூடவே நடப்போம். திங்கள்கிழமை ஒரு நாள் எங்கள் ஆட்கள் ஆடிக்கொள்ளலாம். முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான்.

ஆமாம். அதில் ஒரு பெண் இருக்கிறாள். நீலத் தொப்பி. பேர் சுகந்தி.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நானாகப் போய் யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை. அதிலும் இப்போது இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. இருபத்தாறு பேர். இன்றைக்கு முப்பத்து நாலாவது நாள்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பக்கம் உங்களுக்குப் புரியாது. ஏப்ரலில் எங்கள் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி நடக்கும். ஆண்கள் போட்டி. நூற்றிருபது பேர். அதில் நூற்றுப் பத்தொன்பது பேர் தங்கள் ஆட்டத்தால் இடம் பிடித்து வருகிறவர்கள். ஒரே ஒரு இடம் கிளப்பின் கையில். கிளப் யாரை அழைக்கிறதோ அவர் ஆடலாம். எண்பத்தேழில் இருந்த செகரட்டரி ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். அவர் அந்த இடத்தை எங்களுக்குக் கொடுத்தார். பிப்ரவரியில் நாலு திங்கள்கிழமை நாங்கள் ஆட வேண்டும். நாலு நாளும் சேர்த்துப் பந்தைக் குறைந்த தடவை அடித்து, குறைந்த அடியில் முடிக்கிறவன் ஏப்ரலில் அந்த நூற்றிருபதாவது ஆள்.

"துரைக்கண்ணு, கணக்கை நீ எழுது" என்றார் கர்னல். நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்து கோணும், எண் கோணாது. அன்றிலிருந்து பதிவேடு என்னிடம். யார் எந்த நாள் வந்தான், யாருக்குப் பை தூக்கினான், திங்கள்கிழமை எத்தனை அடியில் முடித்தான், எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் ஆடிய பையன்களில் மூன்று பேர் அப்படியே தொழிலாக எடுத்துக்கொண்டு வெளியூரில் இருக்கிறார்கள். ஒருவன் விமானத்தில் போய்வருகிறான். பை தூக்குகிறவனுக்கு இந்த மலையிலிருந்து இறங்க அது ஒன்றுதான் வழி.

சுகந்தி எங்கள் ராமையாவின் மகள். ராமையா சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். என்னோடு இருபத்து நாலு வருஷம் பை தூக்கினான், பேட்ஜ் எண் நாற்பத்தொன்று. அவன் மனைவி பாக்கியம் இங்கேயே கிரீன்களில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், களை பிடுங்கினாள். பத்துப் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்குவார்கள், பார்த்திருப்பீர்கள். இந்தப் பெண் அவர்கள் பின்னாலேயே அலைந்து, உடைந்த மட்டை ஒன்றை வைத்து அடித்துப் பழகினாள். நன்றாகத்தான் அடித்தாள். பிறகு ஒரு மெம்பர் அம்மா அவளைப் பெங்களூருக்கு அனுப்பினார். பெண்கள் போட்டிகளில் ஆடினாள், இரண்டு ஜெயித்தாள். நான் பேப்பரை வெட்டி வைத்திருந்தேன். அதை மறைக்கவில்லை.

போன வருஷம் பிப்ரவரி முதல் திங்கள்கிழமை, காலை ஆறேகால். பனி இன்னும் விலகவில்லை. ஆட்கள் எல்லாம் டீயும் வர்க்கி பிஸ்கட்டுமாக இந்தக் கொட்டகையில் நிற்கிறார்கள். நான் ஒவ்வொருவனாக பேட்ஜைப் பார்த்து எழுதுகிறேன். வரிசையில் கடைசியாக இவள்.

"மாமா, என் பேரையும் எழுதுங்க."

"எதுக்கு?"

"நாலு திங்கக்கிழமையும் ஆடுறேன். பொம்பளைங்களுக்குன்னு முன்னால வச்சிருக்கிற செவப்புக் குறி வேண்டாம். நீங்க எல்லாரும் எங்க இருந்து அடிக்கிறீங்களோ அங்க இருந்தே அடிக்கிறேன். தோத்தா போயிடுறேன்."

வரிசையில் நின்ற எங்கள் ஆள் அந்தோணி சிரித்தான். "ஜெயிச்சா ஏப்ரல்ல ஆம்பளைங்களோட ஆடுவியா?"

"ஜெயிச்சா ஏன்ணே ஆடக்கூடாது?"

நான் சட்டத்தைச் சொன்னேன். பேட்ஜ் இருக்க வேண்டும். இந்தக் கிளப்பில் பை தூக்கினவனாக இருக்க வேண்டும். பெண்களுக்குப் பேட்ஜ் கொடுப்பதில்லை, அது நான் போட்ட விதி இல்லை. அவள் ஸ்வெட்டர் பையிலிருந்து ராமையாவின் பேட்ஜை எடுத்துக் காட்டினாள். ஆள் போய் ஐந்து வருஷம் ஆகிறது, அதன் பித்தளையைத் துலக்கி வைத்திருக்கிறாள்.

"பேட்ஜ் ஆளோட போச்சு" என்றேன்.

"லோகு அத்தான் அவங்க அப்பா பேட்ஜைத்தானே குத்தியிருக்காரு?"

லோகு என் தங்கை மகன். அதனால் அவன் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், தங்கையோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. நாலு வருஷமாக இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். போன வருஷம் அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் கதை வேறு. அவன் பை தூக்கினான்.

"நானும் தூக்கினேன் மாமா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "ஐம்பத்திரண்டு நாள்."

அதையும் சொல்லிவிடுகிறேன் சார். நான் எதையும் விட்டுச் சொல்கிறவன் இல்லை. அவளுக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது ஒரு சீசனில் ராமையாவுக்கு இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டான். சீசனில் ஒரு வாரம் வராவிட்டால் பேட்ஜைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவன் கோட்டையும் மப்ளரையும் போட்டுக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, இந்தப் பெண் வந்து நின்றாள். ஏப்ரல், மே இரண்டு மாசம். திங்கள்கிழமை கழித்து ஐம்பத்திரண்டு நாள். மெம்பர்கள் பையைத்தான் பார்ப்பார்கள், தூக்குகிறவனைப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் மட்டும், "என்ன ராமையா, இளைச்சுட்டே" என்றார். எங்களுக்கெல்லாம் தெரியும். நான் பதிவேட்டில் தினமும் "நாற்பத்தொன்று, ராமையா, வந்தார்" என்று எழுதினேன். ஐம்பத்திரண்டு தடவை. அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால் அதற்கு நான் எழுதிய எழுத்துதான் காரணம். அதை யாரும் இப்போது சொல்வதில்லை.

அந்த உதவியையே என்மேல் திருப்புகிறாள் பார்த்தீர்களா? இருபத்தாறு பேர் முன்னால். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். பார்க்காமல் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான். அதில் அவள் பேர் இல்லை.

"பதிவேட்டுல ராமையாதான் இருக்கான் பாப்பா" என்றேன்.

பேட்ஜை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

நாலு திங்கள்கிழமையும் ஆடினோம். லோகு ஜெயித்தான். இருநூற்றுத் தொண்ணூற்றாறு அடி. மார்ச் மூன்றாம் தேதி ஆபீஸ் பலகையில் கடிதம் ஒட்டியிருக்கிறது: இந்த வருஷம் கிளப்பின் அழைப்பு செல்வி சுகந்தி ராமையாவுக்கு. ஆண்கள் போட்டியில் முதல்முறையாக ஒரு பெண். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், டிவி வரும்.

எப்படி இருந்திருக்கும் சார்? எங்கள் கையில் வளர்ந்த பெண். அவளுக்கு என்று தனியாகப் பெண்கள் போட்டி இருக்கிறது. அதில் போய் லோகு ஆட முடியுமா? விடுவார்களா? அன்றைக்குக் கொட்டகையில் இதே பேச்சுதான்.

"முந்நூறு கஜம் அடிப்பாளா அவ?"

"முந்நூறு கஜம் நீ அடிச்சு, பந்து தேயிலைத் தோட்டத்துலதானே கெடக்கு" என்றான் அந்தோணி. அவனுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

"அதுக்கில்லண்ணே. ஆம்பளைங்க போட்டின்னா ஆம்பளைங்க போட்டி. தகுதி ஆட்டம் ஆடி வந்தா சரி. சும்மா கூப்பிட்டு உக்கார வச்சா?"

நானும் அதைத்தான் சொன்னேன். அழைப்பு என்பதே தப்பு. ஆணோ பெண்ணோ, எண்ணி வர வேண்டும். இத்தனை நாள், இத்தனை அடி என்று கணக்கில் வர வேண்டும். இன்றைக்கும் அதுதான் என் கட்சி. எண்ணாமல் வந்த இடம் இடமே இல்லை.

எல்லோருமாகச் செகரட்டரியிடம் போனோம். இப்போது இருப்பவர் கர்னல் மாதிரி இல்லை, சின்ன வயசு. "அழைப்பு கிளப்போட விருப்பம். முப்பத்தேழு வருஷமா உங்களுக்குக் குடுத்ததும் எங்க விருப்பம்தான்" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார், எங்களை உட்காரக்கூடச் சொன்னார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாங்கினவள் அல்லவா யோசித்திருக்க வேண்டும்?

யாரும் அவளுக்குப் பை தூக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். கட்டாயம் ஒன்றும் இல்லை, பேசிக்கொண்டதுதான். போட்டிக்கு நாலு நாள் முன்னால் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"மாமா, நீங்க தூக்குறீங்களா? உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த கிரீனெல்லாம் யாருக்கும் தெரியாது."

"லோகு இடத்தை எடுத்துக்கிட்டு எங்கிட்டயே வந்து கேக்குறியே."

"நான் ஆபீசுல போய் கேட்டது திங்கக்கிழமை ஆட்டத்த. என்னையும் எழுதச் சொல்லுங்கன்னு கேட்டேன். அது பை தூக்குறவங்க வெவகாரம், நீ எதுக்கு அங்கெல்லாம் நிக்கிற, நாங்களே கூப்பிடுறோம்னு இதைக் குடுத்தாங்க."

"குடுத்தா வாங்கிடுறதா?"

"வேற எது மாமா குடுத்தீங்க?"

பார்த்தீர்களா பேச்சை? நான் கதவைச் சாத்தவில்லை. திறந்துதான் இருந்தது. அவளாகத்தான் போனாள்.

போட்டி அன்றைக்குக் காலை ஆறு ஐம்பதுக்கு முதல் குழிக்கு அடிக்கிற இடத்தில் வந்து நிற்கிறாள். பக்கத்தில் பையோடு நிற்பது பாக்கியம். அவள் அம்மா! ஐம்பத்தெட்டு வயசு. சேலைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் வெள்ளை கேன்வாஸ், தலையில் முக்காடு மாதிரி ஒரு துண்டு. ஸ்வெட்டரில் நாற்பத்தொன்றாம் பேட்ஜ். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கினவளுக்குப் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். அது எனக்கு உறைத்தது. எங்களில் யாருக்கும் தோன்றவில்லையே என்றும் உறைத்தது.

இரண்டு நாளும், வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே கூடவே நடந்தேன். கணக்குக்காக. இரண்டு நாள் ஆட்டத்தில் நூற்று நாற்பத்தேழு அடிக்குள் முடித்தவர்களுக்குத்தான் அடுத்த இரண்டு நாள். அவள் முதல் நாள் எழுபத்து நாலு, இரண்டாம் நாள் எழுபத்தைந்து. நூற்று நாற்பத்தொன்பது. இரண்டு அடி அதிகம். வெளியே. அவளுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று ஆண்கள் இருந்தார்கள், எண்ணினேன்.

அந்த இரண்டு அடி எங்கே போனது என்றும் சொல்வேன். பதினேழாவது கிரீன். முந்தின மழைக்கு அதைக் கொத்திப் புது மண் போட்டார்கள். பாக்கியம் வேலையை விட்டு அப்போது ஒரு வருஷம். பழைய ஞாபகத்தில் பள்ளத்துப் பக்கம் சரியும் என்று காட்டினாள். புது மண்ணில் அது மேட்டுப் பக்கம் இழுக்கும். முதல் நாள் ஒரு அடி வீண். இரண்டாம் நாள் சுகந்தி சந்தேகம் வந்து நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பத்தடியில் நான். என்னைப் பார்த்தாள்.

அவள் கேட்டு, வெளியில் நிற்கிறவன் வாய் திறந்தால் அவளுக்குத்தான் இரண்டு அடி தண்டம். சட்டம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கும் அங்கே ஒரு அடி போனது. கண் காட்டினாலும் சொன்னதாகத்தான் ஆகும். உங்களுக்கே தெரியும், நீங்கள் ஆடுகிறவர்.

சரி, அதோடாவது முடிந்ததா? இந்த ஜனவரியில் பலகையில் இன்னொரு கடிதம். இனி திங்கள்கிழமை தகுதி ஆட்டம் கிடையாது. கிளப்பின் ஒரு இடத்தை ஆண்டுதோறும் கமிட்டியே தன் விருப்பப்படி கொடுக்கும். அதாவது எங்களுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

நான் சொன்னேனா இல்லையா? அவள் அழைப்பை வாங்காமல் இருந்திருந்தால் இது வந்திருக்குமா?

ஆனால் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெங்களூரிலிருந்து வந்து கமிட்டிக்கு ஒரு மனு எழுதினாள். "எனக்கு அழைப்பு வேண்டாம். திங்கள்கிழமை ஆட்டத்தை முன்போல் நடத்துங்கள். இந்தக் கிளப்பில் பை தூக்கியவர் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, அதில் ஆடலாம் என்று வையுங்கள்." கீழே எல்லோர் பேரும், ஒவ்வொருவரும் பை தூக்கிய நாட்களும். அவள் பேருக்கு நேரே ஐம்பத்திரண்டு.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். போன வருஷம் அவளுக்குப் பை தூக்காத அதே ஆட்கள். லோகுவே போட்டான். கேட்டேன்.

"ஏன்டா, உன் இடத்தை எடுத்தவடா அவ."

"என் இடத்தை எடுத்தது ஆபீசு மாமா. அவளோட நாலு திங்கக்கிழமை ஆடித் தோத்தாக்கூட அடுத்த வருஷம் ஆடலாம். இப்ப யாரோட ஆடித் தோக்கிறது?"

"பொம்பளைகிட்டத் தோத்தா?"

"தோத்தா எழுபத்தஞ்சு அடிச்சேன்னு எழுதுங்க. பொம்பளைகிட்டன்னு தனியா ஒரு கட்டமா போட்டிருக்கீங்க?"

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் தூக்கி வளர்த்த பையன்.

கடைசிக் கையெழுத்து என்னுடையது. கமிட்டி அப்படிக் கேட்டிருந்தது: நாட்கள் எல்லாம் சரி என்று பதிவேடு வைத்திருப்பவர் எழுதித் தர வேண்டும். சுகந்தியே கொண்டுவந்தாள். மேஜைமேல் வைத்துவிட்டு, "மாமா, ஒண்ணும் மாத்த வேண்டாம். எது நடந்துச்சோ அதை எழுதுங்க" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தியது இல்லை. அந்த ஐம்பத்திரண்டு அவளுடையது என்று எழுதினால், ராமையா வந்தான் என்று நான் எழுதிய ஐம்பத்திரண்டும் பொய் என்று ஆகும். அப்புறம் மீதியை யார் நம்புவான்? நான் பொய் எழுதவில்லை சார். நாற்பத்தொன்றாம் எண் வந்தது. பை போனது, பை வந்தது. எனக்குக் கணக்கு அதுதான்.

இரண்டு வாரம் அந்தத் தாள் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்தோணி வந்து கெஞ்சினான், திட்டினான், "ஒரு கையெழுத்துண்ணே, உன் சொத்தையா கேக்குறோம்" என்றான். கெடு முடிந்தது. கமிட்டி, பதிவேட்டுக்காரர் சான்று இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து ஒருவனும் என்னோடு பேசுவதில்லை. திங்கள்கிழமை அவர்களாக ஆடுகிறார்கள், அவளையும் சேர்த்துக்கொண்டு. இடம் இல்லாத ஆட்டம். அவர்களே எண்ணிக்கொள்கிறார்களாம். எனக்குச் செய்தது துரோகம் இல்லையா? சரியாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

இந்த வருஷத்து இடம் சென்னையில் யாரோ கம்பெனிக்காரர் மகனுக்குப் போயிருக்கிறது என்று கேள்வி. போட்டிச் செலவில் ஒரு பங்கை ஏற்கிறாராம். பேர் தெரியாது.

என்ன சார்?

ஓ. காரில் தூங்குகிற தம்பியா?

அப்படியா. கடிதம் காட்ட வேண்டாம் சார், நீங்கள் சொன்னால் போதும். ஏப்ரலுக்கு முன்னால் மைதானத்தை ஒரு தடவை பழகிப் பார்க்க வந்திருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

சேச்சே, நீங்கள் எதற்கு வருத்தப்பட வேண்டும்? உங்களைச் சொல்லவில்லை. கமிட்டி அழைத்தது, வந்தீர்கள். அழைத்தால் வருவதுதானே மரியாதை. தம்பி வழக்கமாக எத்தனையில் முடிப்பார்? எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. பரவாயில்லை சார், சின்ன வயசு, ஆட ஆடக் குறையும். அவள் விஷயம் வேறு. அவள் எங்களுக்குள்ளே இருந்தவள். அதனால்தான் தாங்கவில்லை.

திங்கள்கிழமை மூடல்தான், ஆனால் கமிட்டி விருந்தாளிக்குத் திங்கள் ஏது, செவ்வாய் ஏது? அவர்கள் இப்போதுதான் பத்தாவது குழிக்குப் போகிறார்கள். நான் போய் ஒதுங்கச் சொல்கிறேன். பதில் பேச மாட்டார்கள், ஆனால் ஒதுங்குவார்கள். பையை இப்படிக் கொடுங்கள், நானே தூக்குகிறேன். எழுபத்து மூன்று வயசு ஆகிறது என்று பார்க்காதீர்கள்.

பதினாலு மட்டை. சரியாக இருக்கிறது.

தம்பியை மெதுவாக எழுப்புங்கள் சார். அவசரமே இல்லை. அவர்கள் நிற்பார்கள்.